கட்டையை விட்டவன்

ஜூன் 2, ஞாயிறு

தபால்காரர் வீட்டு கேட் முடிந்தது. பூட்டுக்கு ஓட்டை போட மறந்துபோய் இரண்டாவது தடவை ஏற்றி இறக்க வேண்டியதாயிற்று. எனக்கு இப்படி நடக்காது. வெல்டிங் கம்பி விற்கிறவன் கொடுத்த இந்த டைரியில் இதுவரை ஜன்னல் அளவும் கேட் அளவும்தான் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு வேறு எழுதத் தோன்றுகிறது.

புதன்கிழமை கொடியேற்று. பதின்மூன்றாம் தேதி தேர்.

எங்கள் மேலச்செங்குளத்துத் தேருக்கு பிரேக் கிடையாது. நாலு மரச்சக்கரம், நாலு கட்டைக்காரர்கள். உருண்டு வருகிற சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, பிடி வைத்த புளியங்கட்டையைக் கொடுத்து நிறுத்த வேண்டும். தேரைத் திருப்புவதும் அப்படித்தான். எட்டு வருடமாக அந்த நாலு பேருக்கும் தலைவன் நான். முன் இடது சக்கரம் என்னுடையது. முன் வலது சக்கரம் கோமதிநாயகத்துக்கு. அவன் என் மனைவி ஆவுடையின் தம்பி, என் பட்டறையில்தான் வேலை, நாலு வீடு தள்ளித்தான் குடியிருப்பு.

முன்பு இந்த இடது சக்கரம் என் அப்பாவுடையது. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் பாத்திரக்கடை முக்கில், சக்கரம் துள்ளியபோது கட்டையை விட்டுவிட்டு ஓடினார். தேர் பூக்கடைக்குள் புகுந்து ஒரு பெண் செத்தாள். அன்றிலிருந்து ஆறுமுகநயினார் என்ற பெயர் போய், ஊருக்கு அவர் ‘கட்டைய விட்டவன்’. நான் ‘கட்டைய விட்டவன் மவன்’. அப்போது எனக்குப் பதினைந்து வயது. நான் வகுப்புக்குள் நுழைந்தால் பையன்கள் மேசையைத் தட்டி ‘ஓடு, ஓடு’ என்பான்கள்.

போதும். எழுத எழுதப் பேனா தாளைக் கிழிக்கிறது. கோபம்தான், வேறொன்றுமில்லை.

ஜூன் 4, செவ்வாய்

கோமதி காலையில் கிரைண்டர் வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றான். அவன் எதையாவது கேட்கப் போகிறான் என்றால் முதலில் கையுறையைக் கழற்றி மடிப்பான்.

“அத்தான், இந்த வருசம் மட்டும் நான் துண்டு கட்டிக்கிடட்டுமா?”

எங்கள் ஊரில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கட்டைக்காரன் இடுப்பில் நீளத் துண்டைக் கட்டி, பின்னால் நிற்கும் ஓர் ஆள் அதன் நுனியைக் கையில் சுற்றிக்கொள்வான். குனிந்திருக்கிறவனுக்குச் சக்கரம் மட்டும்தான் தெரியும். பின்னால் நிற்கிறவனுக்குத்தான் மொத்தத் தேரும் தெரியும். அவன் இழுத்தால் கட்டையை விட்டுவிட்டு வரலாம், அது கேவலம் இல்லை. நான் தலைவனானதும் முதல் வேலையாக அதை நிறுத்தினேன். துண்டு கட்டினவனுக்கு மனசு பின்னாலேயே இருக்கும்.

“எதுக்கு மாப்ள?”

“சிமென்ட் ரோடு போட்ருக்காங்கல்லா. கட்டை வழுக்குமோன்னு இருக்கு. பொம்பளப் புள்ள வச்சிருக்கேன்.”

“பயமா இருந்தா சொல்லிரு. வேற ஆளப் பாத்துக்கிடுதேன்.”

முகம் சுருங்கிப்போயிற்று. “பயமெல்லாம் இல்லத்தான்” என்று கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டான். கோமதி நல்ல பையன், கொஞ்சம் தட்டிவிட்டால் நிமிர்ந்துகொள்வான்.

ஜூன் 6, வியாழன்

பாத்திரக்கடை முக்கில் தெரு சரிவாக இறங்கி மேற்கே திரும்புகிறது. புது சிமென்ட், பளபளவென்று இருக்கிறது. கட்டை பிடிக்கட்டும் என்று யாரோ இரண்டு டிராக்டர் ஆற்று மணலைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். நல்ல யோசனைதான். நானே சொல்ல நினைத்திருந்தேன்.

எதிரே டீக்கடையில் பிச்சையா அண்ணாச்சி கிளாஸைக் கழுவிக்கொண்டே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “அப்பன் ஓடுன முக்குல மவன் மெத்தை விரிச்சு வச்சிருக்கான். இந்த வருசம் ஓடுனா கால்ல அடிபடாது.”

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் கேலிக்குத்தான் சொன்னார், அது எனக்கும் தெரியும். நானும் சிரித்தேன். டீயைக் குடித்து முடித்தேன். பிறகு துப்புரவு ஆட்களைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னாலேயே மணல் முழுவதையும் பெருக்கி அள்ளச் சொன்னேன். ஒரு குருணை இல்லாமல் அள்ளும்வரை வெயிலில் நின்றேன்.

“நான் சும்மா சொன்னேன்ய்யா உலகநாதா” என்றார் பிச்சையா.

“நான் சும்மா அள்ளலண்ணாச்சி” என்றேன்.

ஜூன் 8, சனி

கோமதியின் மகள் ஹரிணி சாப்பிட வந்திருந்தாள். நாலாம் வகுப்பு. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவள்தான் எல்லாம். சாயங்காலம் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். யானையைப் பார்த்ததும் என் பின்னால் ஒளிந்தாள். கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினேன். அழுதாள். அழுகை நிற்கும்வரை அங்கேயே நிற்க வைத்தேன். கோமதி ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனான்.

ஆவுடை கேட்டாள்: “பச்சப்புள்ளய எதுக்கு அப்படி நிறுத்துனீங்க?”

“பயந்து பழகிரக் கூடாது.”

“யாரு பயந்து பழகுனா இப்ப?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் திரும்பி வரும்போது ஹரிணி அவள் அப்பாவிடம், “மாமாவுக்குப் பயமே கிடையாது, இல்லப்பா?” என்று கேட்டதைக் கோமதி பிறகு சொன்னதும் ஆறிவிட்டது.

ஜூன் 10, திங்கள்

பட்டறை அரை நாள். பாத்திரக்கடை முக்குக்கு நாலு தடவை போய்வந்தேன். சும்மாதான்.

ஜூன் 12, புதன்

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. திருவிழாப் பத்து நாளும் வெளியே வர மாட்டார். பின்கட்டு அறையில் கட்டிலில் கிடப்பார். அவரும் நானும் பேசிக்கொள்வது குறைவு. பேச ஒன்றுமில்லை. நான் நடக்கிற மாதிரியே நடக்கிறார் என்று ஆவுடை ஒரு தடவை சொன்னாள். அவர் நடக்கிற மாதிரி நான் நடக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும், பயந்துகொண்டு மாற்றிச் சொன்னாள். அன்றிலிருந்து நான் கொஞ்சம் வேகமாக நடக்கிறேன்.

இன்றைக்குக் காப்பி கொண்டுபோய் வைத்தபோது அவராகப் பேசினார்.

“மண்ண அள்ளச் சொன்னியாமே.”

“ஆமா.”

“கெடக்கட்டும்ல. சிமென்ட்டுல கட்டை நிக்காது. இப்பவும் நேரமிருக்கு, கொட்டச் சொல்லு. துண்டும் கட்டிக்கிடுங்க எல்லாரும்.”

“நீங்க சொல்லுதீங்களா இத?”

வேறு யார் சொல்லியிருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பேன். இதை நேர்மையாக எழுதுகிறேன். காலையில் நானே, கொஞ்சம் கொட்டினால் என்ன என்று நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் வாயிலிருந்து வந்ததும் அந்த நினைப்பே எனக்கு அருவருப்பாகிவிட்டது.

காப்பியை அவர் குடிக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

ஐந்து மணிக்கு எழுந்தாயிற்று. குளித்தாயிற்று. கட்டைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாயிற்று. எட்டரைக்கு வடம் பிடிக்கிறார்கள். ஆவுடை திருநீறு பூசிவிடும்போது அவள் விரல் குளிர்ந்திருந்தது. போய்வருகிறேன்.

ஜூன் 15, சனி

கோமதி இறந்துவிட்டான்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். பின்னால் யாராவது கேட்டால் உதவும்.

காலை பதினொன்றேகால். தேர் பாத்திரக்கடை முக்குக்கு வந்தது. கூட்டம் அதிகம். நான் விசில் கொடுத்தேன். இரண்டு பேரும் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தோம். கட்டை நிற்கவில்லை, சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டு வழுக்கியது. திரும்பக் கொடுத்தோம். சக்கரம் துள்ளியது. பிறகு தேர் வலது பக்கம் ஒடித்துத் திரும்பி நின்றுவிட்டது. கோமதி வலது சக்கரத்துக்கு அடியில் இருந்தான். தேரைத் தூக்கி எடுக்க முக்கால் மணி நேரமாயிற்று. கூட்டத்தில் வேறு ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அந்த நேரத்தில் நான் பாத்திரக்கடைத் தகரப் பந்தலின் கால் பக்கத்தில் நின்றிருந்தேன். தேருக்கும் அதற்கும் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும். கூட்டம் என்னை அங்கே தள்ளியிருக்க வேண்டும்.

நேற்று அடக்கம். இன்றைக்குச் சாந்தி பூஜை முடித்து, வேறு ஊர் ஆட்களை வைத்துத் தேரை நிலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். விபத்து. யாரும் துருவிக் கேட்கவில்லை.

வெளியே ஒரே கூட்டம். தேருக்கு அடியிலிருந்து நொறுங்கிய கட்டை ஒன்றை எடுத்திருக்கிறார்கள். இன்னொரு கட்டை முழுசாகப் பாத்திரக்கடை ஓரச் சாக்கடையில் கிடந்திருக்கிறது. எல்லாக் கட்டையும் ஒரே மரம், ஒரே அளவு, நானே அறுத்துக் கொடுத்தது. பிச்சையா அண்ணாச்சி நொறுங்கியதைத் தூக்கிக் காட்டி, “இது யாரு கட்டை?” என்றார். என்னிடம்தான் கேட்டார். நான் அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் அவரே சொன்னார்: “இதென்ன கேள்வி, உலகநாதன் கட்டைதான். கடைசி வரைக்கும் கொடுத்து ஊரக் காப்பாத்திட்டாரு. அந்தப் பய பயந்துபோயி கட்டைய வீசிட்டு ஓடப் பாத்து, கால் தடுக்கி உள்ள விழுந்துருக்கான். பாவம்.”

என் தோளில் கை வைத்தார். இருபது வருடத்தில் அவர் என்னைக் கேலி செய்யாமல் பேசியது இன்றைக்குத்தான்.

நான் அவர் சொன்னதை ஆமாம் என்று சொல்லவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

கோமதி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவன் மனைவி கனி சுவரில் சாய்ந்து கிடந்தாள். பெண்கள் எழுந்து போனபிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, ஊருல சொல்லுதது நெசமா? அவுக கட்டைய வீசிட்டாகளா?”

“கூட்டத்துல ஒண்ணும் தெரியலம்மா.”

“குளிப்பாட்டும்போது நான் பாத்தேன். ரெண்டு உள்ளங்கையிலயும் தோலே இல்ல. விட்டவன் கையி அப்படி இருக்குமாண்ணே? நீங்க பக்கத்துலதான இருந்தீக? நீங்க சொன்னா ஊரு கேக்கும்லா?”

“பாக்கலாம்மா” என்றேன். மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 19, புதன்

பட்டறை திறக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

திறந்தேன். கோமதியின் கையுறை கிரைண்டர் மேல் மடித்து இருந்தது. சாத்திவிட்டேன்.

ஜூன் 22, சனி

மத்தியானம் அப்பா சாப்பிட வெளியே வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். திருவிழா முடிந்துவிட்டதல்லவா. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் சாப்பிடாமல் என் கையையே பார்த்தார். பிறகு என் இடது கையை எடுத்து, திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தார். வெல்டிங் காய்ப்பு மட்டும்தான் இருந்தது. புதிதாக ஒரு கீறல் இல்லை.

கையை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மனுஷன் ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்கிறார்!

ஆவுடை அதைப் பார்த்தாள். கரண்டியோடு அப்படியே நின்றாள். செத்தவன் அவள் தம்பி.

ஜூன் 24, திங்கள்

ஹரிணி இன்று முதல் மறுபடி பள்ளிக்கூடம் போனாள். நான்தான் கூட்டிப் போனேன். வாசலில் இரண்டு பையன்கள் இவளைப் பார்த்து, “கட்டைய விட்டவன் மவ வாராடே” என்றார்கள். எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை, அதில் ஒருவனை அடித்துவிட்டேன். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்தது. எட்டு வயது கூட இருக்காது. அவன் அம்மா வந்து சண்டை போட்டாள். ஆள் யாரென்று தெரிந்ததும், “அண்ணாச்சியா, தெரியாமப் பேசிட்டேன்” என்று குரலை இறக்கிக்கொண்டு போய்விட்டாள்.

முப்பத்தொரு வருடம் கழித்து அதே வார்த்தை, அதே தெரு. ஊருக்குப் புது வார்த்தைகூடக் கிடைக்கவில்லை.

ஹரிணி என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும்வரை விடவில்லை.

ஜூன் 26, புதன்

கோயில் கமிட்டியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சன்னிதியில் பரிவட்டம் கட்டுவதாக முடிவு செய்திருக்கிறார்களாம். சாமி தலையில் இருந்த பட்டு என் தலைக்கு வருகிறது. ஊரில் மூன்று குடும்பத்துக்கு மட்டும்தான் அந்த மரியாதை உண்டு.

“வேண்டாமே” என்றேன். இரண்டு தடவை சொன்னேன். அடக்கத்தில் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் போனபிறகு ஆவுடை கேட்டாள்: “மூணாவது தடவ சொல்லியிருக்கலாம்லா?”

அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. இந்தச் சொல்லை என் கையாலேயே எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஜூன் 28, வெள்ளி

பதினாறாம் நாள். காரியம் முடிந்தது.

இனி இந்த டைரியிலாவது பொய் வேண்டாம். கூட்டம் என்னைத் தள்ளவில்லை. சக்கரம் துள்ளியதும் என் கால் ஓடிவிட்டது. நான் தீர்மானிக்கவில்லை, என்னிடம் யாரும் கேட்கவில்லை, உடம்பு ஓடிவிட்டது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு திரும்பியபோதுதான் என் கையில் கட்டை இல்லை என்று தெரிந்தது. கோமதி தலையைத் தூக்கி என் சக்கரத்தைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவனும் ஓடியிருக்கலாம், நேரம் இருந்தது. முன்னால் வடத்தில் ஐந்நூறு பேர். அவன் குனிந்து மறுபடி கட்டையைக் கொடுத்தான். பின்னால் இழுக்க ஆள் இல்லை.

சாயங்காலம் பின்கட்டுக்குப் போய் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தேன். கடைசியாக அதில் எப்போது உட்கார்ந்தேன் என்று நினைவில்லை.

“நீங்க ஓடுனத யாரு பாத்தா?” என்று கேட்டேன்.

“யாரும் பாக்கல.”

“பின்ன?”

“தேர் ஓடும்போது எல்லாரும் மேல சாமியத்தான பாப்பாக. கீழ எவன் பாக்கான்? வலது சக்கரத்துல சொடலையாண்டி நின்னான். அவன்தான் கட்டைய விட்டான்னு ஊரு பேசிட்டு. அவன் வீட்டு ஓட்டுல கல்லு விழுந்துச்சி. எனக்குத் துண்டு பிடிச்சவன் மட்டும் பாத்தான். ‘நான் இழுத்தேன்னு சொல்லிருதேன் நயினாரு, ஒனக்கும் கேவலமில்ல, அவனுக்கும் கேவலமில்ல’ன்னான். அவன் இழுக்கலயே. நானாத்தான் ஓடுனேன். மூணாம் நாளு கோயிலுக்குப் போயி நானே சொல்லிட்டு வந்தேன்.”

முப்பத்தொரு வருடம் இந்த ஆள் இதைச் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

“எனக்குப் பதினஞ்சு வயசு! நான் தெருவுல எப்படி நடப்பேன்னு நெனச்சீங்களா?”

“நெனச்சேன்ய்யா. நெனச்சதாலதான் மூணு நாளாச்சு.”

மறுபடி கட்டிலில் உட்கார்ந்து, “எதுக்குச் சொன்னீங்க?” என்றேன்.

“சோறு எறங்கல” என்றார். அவ்வளவுதான். என்னிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. ‘நீயும் போய்ச் சொல்லு’ என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் மறுத்துவிட்டு நிம்மதியாக வந்திருப்பேன்.

ஜூன் 29, சனி

ஓடுகிற பயம் எனக்கு அவரிடமிருந்து வந்திருக்கிறது. அதைத்தான் முப்பத்தொரு வருடமாக அடித்து அடித்து வெளியேற்றப் பார்த்தேன். மூன்றாம் நாள் கோயிலுக்கு நடந்து போகிற கால் அவரிடம் இருந்தது, அது எனக்கு வந்ததா என்று தெரியவில்லை. இன்று பதினேழாம் நாள்.

நாளைக்குச் சன்னிதியில் வைத்துச் சொல்லிவிடுவேன்.

ஜூன் 30, ஞாயிறு

சொல்லவில்லை.

மேளம், மாலை, முன்வரிசையில் பிச்சையா அண்ணாச்சி. பட்டர் பட்டை எடுத்ததும் வாயைத் திறந்தேன். “கொஞ்சம் குனிங்க” என்றார். குனிந்தேன். கட்டிவிட்டார். பட்டில் சந்தன வாசனை. யாரோ, “நயினார் மவன் ஊருக்குக் கடன் தீத்துட்டான்” என்றார்கள். எவ்வளவு வருடம் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன்! சந்தோஷம் வந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். ஒரு நிமிடம் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஆவுடை கோயிலுக்கு வரவில்லை. வீட்டுக்குத் திரும்பியபோது கோமதி வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். அப்பா என் தலையைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூலை 1, திங்கள்

காலை எட்டு மணிக்கு ஹரிணி யூனிபார்மோடு வந்தாள். ஆவுடை அத்தை அங்கே தலை பின்னிவிட்டிருக்கிறாள். நேற்று இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமிருந்தது. முன்னறைப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“மாமா, ஒண்ணு கேக்கட்டா? திட்டக் கூடாது.”

“கேளு.”

“நானும் எங்கப்பா மாதிரி ஆயிருவேனா?”

“என்ன மாதிரி?”

“பயந்து ஓடுற மாதிரி. அன்னைக்கி யானையப் பாத்து அழுதேன்ல? அப்பாகிட்டருந்துதான் அது எனக்கு வந்திருக்குன்னு எங்க கிளாஸ் பாண்டிச்செல்வி சொல்லுதா. எனக்கு அப்பா மாதிரி வேண்டாம் மாமா. ஒங்கள மாதிரி ஆகணும்.”

அழவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள். பக்கத்தில் எச்சில் டம்ளர் இருந்தது, அதிலிருந்த தண்ணீரைக் குடித்தேன்.

“உங்கப்பா ஓடலம்மா” என்றேன்.

கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“கட்டைய விடலயா?”

“விடல. தேர நிறுத்துனதே உங்கப்பாதான். எல்லாரையும் காப்பாத்துனது அவன்தான்.”

“பயப்படலயா?”

“பயந்திருப்பான். பயந்தாலும் விடல.”

“கடைசி வரைக்கும்?”

“கடைசி வரைக்கும்.”

அவள் முகத்தில் பதினெட்டு நாளாக இல்லாத வெளிச்சம் வந்தது. வாய் தானாகத் திறந்து சிரித்தாள், விழுந்த பல்லின் இடம் தெரிந்தது. அந்தச் சிரிப்போடேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. அப்போதும் தோன்றியது. பிறகு அவள் கேட்டாள்.

“அப்ப சாக்கடையில கெடந்த கட்டை யாருது?”

“என்னுது.”

“நீங்களா ஓடுனீங்க?”

“ஆமாம்மா. நான்தான் ஓடுனேன். துண்டு கட்டிக்கிடுதேன்னு உங்கப்பா கேட்டான். நான்தான் வேண்டாம்னேன்.”

சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். யானையைப் பார்த்த பார்வை இல்லை, அதைவிட மோசமானது. பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள். பையை எடுக்கவில்லை. ஒரு ஷூவுக்கு மட்டும் கயிறு கட்டியிருந்தாள், அப்படியே எழுந்து படியிறங்கினாள். படியில் ஒரு கணம் நின்றாள், திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன்.

பார்க்கவில்லை. ஓடினாள். தெரு முழுவதும் கேட்கிற மாதிரி, மூச்சு வாங்க வாங்கக் கத்திக்கொண்டே ஓடினாள்:

“அம்மா! எங்கப்பா விடலயாம்மா! மாமாதான் ஓடுனாராம்! எங்கப்பா விடலயாம்!”

அவ்வளவு சந்தோஷமான குரலை நான் கேட்டதில்லை. இரண்டாவது வீடு தாண்டியது, மூன்றாவது தாண்டியது. பின்கட்டில் கட்டில் கிறீச்சிட்டது, அப்பா எழுந்து உட்காருகிறார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் தெருவுக்கு வந்து, அவள் போன பக்கத்தைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டைப் பார்த்தார்கள். பின்வாசல் திறந்துதான் இருந்தது. நான் எழுந்து, அவர்கள் எல்லாரும் பார்க்கும்படி முன்வாசலில் போய் நின்றேன்.